முறையீட்டு முரசும் மாநகரத்தின் இணையத்தளமும்

மனுநீதிச் சோழனின் கதையை அறியாத தமிழர் இருக்க முடியாது. கன்றை இழந்த பசு அரண்மனை வாயிலில் தொங்கிய ஆராய்ச்சி மணியை அசைத்தது. மன்னன் அதைக் கேட்டான். தன் மகனுக்கே தண்டனை விதித்தான். சிலப்பதிகாரம் இதைக் குறிப்பிடுகிறது. பெரியபுராணம் விரித்துச் சொல்கிறது. திருவாரூருக்குச் செல்வோர் கல்தேரைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறோம். தேர்க்காலில் கிடக்கும் இளவரசனிடம் நம் மனம் சென்றுவிடுவதால், மணியைப் பற்றிய சில எளிய கேள்விகள் நமக்குத் தோன்றுவதில்லை. தொலைவிலிருந்து வந்த ஓர் உழவன் அந்த மணியை அடிக்க வேண்டுமானால் எத்தனை வாயில்களைக் கடக்க வேண்டும்? அடித்தபின் அவனுடைய முறையீடு யார் கைக்குப் போகும்? அது என்ன ஆயிற்று என்பதை அவனுக்கு யார் சொல்வார்கள்?

இக்கேள்விகள் எனக்கு எழுந்த இடம் நூலகமன்று. ஒரு நகராட்சியின் இணையத்தளம். எங்கள் வீட்டின் சொத்துவரிப் பெயர் மாற்றத்திற்காக விண்ணப்பம் அளித்திருந்தேன். தளத்தைத் திறந்தவுடன் விழாப் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்தன. திட்டங்களின் பெயர்கள் இருந்தன. நகரின் வரலாறு இரண்டு பத்திகளில் இருந்தது. விண்ணப்ப எண்ணை உள்ளிட்டதும், ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற ஒற்றை வரி வந்தது. நான்கு மாதங்கள் அந்த வரி மாறவேயில்லை. இறுதியில் நேரில் சென்றபோதுதான் தெரிந்தது, ஒரு சான்றின் நகல் குறைகிறது என்பதற்காகக் கோப்பு முதல் வாரத்திலேயே ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கிறது என்று. அந்தச் செய்தியை அன்றே தளத்தில் எழுதியிருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும் வேலை அது. அங்கிருந்த எழுத்தர் நல்ல மனிதர்தாம். அவருக்கு அதை எழுத ஓர் இடமில்லை. எழுத வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

ஒரு மாநகரத்தின் இணையத்தளம் அந்நகரத்தாருக்கு எப்போது பயன்படுகிறது? கணிப்பொறி வல்லுநர்கள் இதற்கு அவர்கள் வழியில் விடை சொல்லக்கூடும். வரலாற்றில் ஆர்வமுள்ள நாம் வேறு வழியில் தேடலாம். இக்கேள்வியைப் பெரும் விலை கொடுத்து எதிர்கொண்ட ஒரு நகரம் உண்டு: தென்கொரியாவின் தலைநகர் சியோல். அங்கும் நம் ஆராய்ச்சி மணியைப் போன்ற ஒன்று இருந்தது. நம்முடையது காப்பியத்தில் வாழ்கிறது. அவர்களுடையதற்கு அரசவைக் குறிப்புகளே சான்று.

வாயிலில் தொங்கிய முரசு

1392இல் கொரியாவில் சோசொன் அரசமரபு தொடங்கியது. அதன் மூன்றாம் மன்னர் தேஜோங் 1401இல் ஒரு முரசை நிறுவினார். அதன் பெயர் சின்முன்கோ. முறையீட்டைச் செவிமடுக்கும் முரசு என்று பொருள் கொள்ளலாம். சீனத்து வழக்கத்தைப் பின்பற்றி அமைக்கப்பட்டது அது. அப்போது அரசவை கேசொங்கில் இருந்தது. 1405இல் சியோலுக்குத் திரும்பியது. நீதி கிடைக்காத எவரும் அந்த முரசை அறைந்து மன்னரிடமே முறையிடலாம் என்பது அறிவிப்பு.

நடைமுறை அவ்வளவு எளிதாக இருக்கவில்லை. தலைநகரில் வசிப்பவர் முதலில் உரிய அலுவலகத்தில் முறையிட வேண்டும். நாட்டுப்புறத்தவர் தம் ஊரின் நடுவரிடமும், பின்னர் மாநில ஆளுநரிடமும் செல்ல வேண்டும். அங்கும் தீராவிடில் அதிகாரிகளைக் கண்காணிக்கும் சாஹொன்பூ என்ற துறையை அணுக வேண்டும். அத்தனையும் பயனற்றுப்போன பிறகே முரசு. அந்த முரசும் அரசின் உயர் விசாரணை மன்றத்தின் காவலில் இருந்தது. கீழ்நிலை எழுத்தர் தம் மேலதிகாரியின்மேலும், அடிமை தன் எசமானின்மேலும், ஊரார் தம் நடுவரின்மேலும் குறை கூற முரசை அறையக் கூடாது என்ற தடைகள் வந்தன. பொய்யாக அறைந்தால் தண்டனை. யாருக்கு எதிராக முறையிடத் தேவை மிகுதியோ அவர்களுக்கு எதிராகவே முறையிட இயலாது என்பதுதான் இதன் பொருள். முரசை அறைந்தவர்களுள் பெரும்பாலோர் தலைநகரத்தைச் சேர்ந்த உயர்குடியினராகவும் அலுவலராகவும் இருந்தனர் என்று வரலாற்றாசிரியர்கள் கூறுவதில் வியப்பில்லை. கொடுங்கோலர் யொன்சான்குன் காலத்தில் அது மறைந்தது. 1771இல் யொங்ஜோ மன்னர் மீண்டும் நிறுவினார்.

எளிய மக்கள் வேறொரு வழியைக் கண்டுபிடித்தார்கள். மன்னர் ஊர்வலமாக வரும்போது சாலையோரம் நின்று உலோகத் தட்டை ஓங்கி அடிப்பார்கள். மன்னர் நின்று கேட்பார். யொங்ஜோவின் பேரர் சொங்ஜோ (ஆட்சி 1776–1800) இவ்வாறு வந்த முறையீடுகளை ஆயிரக்கணக்கில் கேட்டார். அவை அரசின் நாட்குறிப்பேடுகளில் பதிவாகியுமுள்ளன. சட்டம் காட்டிய வாயிலை விடுத்துச் சாலையோரத்தை மக்கள் நாடினார்கள் என்றால், வாயிலுக்கும் அவர்களுக்கும் நடுவே நின்றவர்கள் எத்தனை பேர் என்பதை நாம் ஊகிக்கலாம்.

பாலமும் அங்காடியும்

இனி இருபதாம் நூற்றாண்டின் இறுதிக்கு வருவோம். போரால் சிதைந்த சியோல் ஒரே தலைமுறையில் ஏறத்தாழ ஒரு கோடி மக்களின் மாநகரமாகிவிட்டது. கட்டடங்கள் விரைந்து எழுந்தன. அனுமதிகளும் விரைந்து கிடைக்க வேண்டியிருந்தது. விரைவு வேண்டுவோர் அதற்கு விலை கொடுக்கும் வழக்கமும் வேரூன்றியது. மேயரை மைய அரசே நியமித்து வந்ததால் நகரத்தார்க்கு அவரைக் கேள்வி கேட்கும் உரிமையும் இல்லை.

1994 அக்டோபர் 21ஆம் நாள் காலை, ஹான் ஆற்றின் மீதிருந்த சொங்சூ பாலத்தின் நடுப்பகுதி அப்படியே ஆற்றில் விழுந்தது. 1979இல் திறக்கப்பட்ட பாலம் அது. பதினைந்து ஆண்டுகளே ஆகியிருந்தன. பேருந்தில் பள்ளிக்குச் சென்றுகொண்டிருந்த மாணவியர் உட்பட 32 பேர் மாண்டனர். பற்றவைப்பிலும் பராமரிப்பிலும் குறைகள் இருந்தது விசாரணையில் தெரியவந்தது.

அடுத்த ஆண்டு சூன் 27ஆம் நாள் நாடெங்கும் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. பல்லாண்டுகளுக்குப் பிறகு சியோல் மக்கள் தம் மேயரைத் தாமே தேர்ந்தெடுத்தனர். புதியவர் பதவியேற்கும் முன்னரே, தேர்தல் முடிந்த இரண்டாம் நாள் மாலை ஆறு மணிக்குச் சற்று முன்பு, சாம்பூங் என்ற ஐந்து மாடிப் பல்பொருள் அங்காடி இடிந்து விழுந்தது. 502 பேர் மாண்டனர். 900க்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். போர்க்காலம் நீங்கலாக, கொரியா கண்ட பேரழிவுகளுள் இதற்குத் தனியிடம் உண்டு.

விசாரணை தோண்டத் தோண்ட வெளிவந்தவை கோப்புகள். முதலில் வேறு பயன்பாட்டுக்காக வரையப்பட்ட கட்டடம் அங்காடியாக மாற்றப்பட்டிருந்தது. பிறகு ஐந்தாம் தளம் சேர்க்கப்பட்டது. தூண்கள் வேண்டிய பருமனில் இல்லை. கூரை மீதிருந்த குளிர்சாதனப் பொறிகளின் சுமை வேறு. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓர் ஒப்புதல் தேவைப்பட்டது. அந்த ஒப்புதல்களுக்குக் கையூட்டு கைமாறியிருந்தது. அங்காடியின் தலைவரோடு, அப்பகுதி வட்ட ஆட்சியின் தலைவர்களாக இருந்த இருவரும் சிறை சென்றனர்.

இங்கே நாம் நின்று நோக்க வேண்டியது ஒன்றுண்டு. கட்டடம் நகரின் நடுவே, அனைவரின் கண்முன்னே எழுந்தது. அதற்கான கோப்போ மேசைக்கு மேசை யார் கண்ணிலும் படாமல் நகர்ந்தது. எந்த நாளில் எந்த மாற்றம் கேட்கப்பட்டது, யார் அதை ஆராய்ந்தார், எதன் அடிப்படையில் இசைந்தார் என்பதை அங்கே பொருள் வாங்க வந்த ஒரு தாய் அறிந்துகொள்ள வழியே இல்லை. இடிந்த பின்னரே அந்தக் கோப்பு வெளிச்சத்துக்கு வந்தது.

கோப்பு நடந்த பாதை

1998இல் கோ குன் என்பவர் சியோலின் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நெடுநாள் ஆட்சிப்பணியில் இருந்தவர். 1988 முதல் 1990 வரை நியமன மேயராகவும், பின்னர் நாட்டின் தலைமை அமைச்சராகவும் இருந்தவர். நகராட்சி அலுவலகத்தின் ஒவ்வோர் அறையும் எப்படி இயங்குகிறது என்பதை உள்ளிருந்தே அறிந்தவர். ஊழலை ஒழிப்பேன் என்று எல்லாத் தலைவர்களும் சொல்வதையே அவரும் சொன்னார். ஆனால் ‘ஊழல் எந்த இடத்தில் நிகழ்கிறது?’ என்று அவர் தொடுத்த வினா பயனுள்ளதாக இருந்தது.

விடை அலுவலகத்துக்குள்ளேயே இருந்தது. ஒவ்வோர் அலுவலருக்கும் நகரின் ஒரு பகுதி ஒதுக்கப்பட்டிருந்தது. அப்பகுதியில் கட்டடம் எழுப்புவோரும் உணவகம் நடத்துவோரும் ஆண்டுக்கணக்கில் அவர் ஒருவரையே நாடினர். பழக்கம் நட்பாயிற்று, நட்பு உறையில் இட்ட பணமாயிற்று. புதிய மேயர் இந்தப் பகுதி ஒதுக்கீட்டை நீக்கினார். அன்றன்று வரும் விண்ணப்பங்கள் வந்த வரிசைப்படி அலுவலர்களுக்குப் பிரித்தளிக்கப்பட்டன. தம் விண்ணப்பம் யார் கைக்குப் போகும் என்று விண்ணப்பிப்பவர் முன்கூட்டி அறிய முடியாது, அலுவலரும் அறியார்.

அடுத்த படியாக 1999 ஏப்ரல் 15ஆம் நாள் மாநகராட்சி ஓர் இணையத்தளத்தைத் திறந்தது. ‘குடிமக்கள் விண்ணப்பங்களுக்கான இணையவழி நடைமுறை மேம்பாடு’ என்பது அதன் நீண்ட பெயர். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து அதை ‘ஓப்பன்’, அதாவது ‘திறந்தது’, என்று அழைத்தனர். கொரியாவில் அகலப்பட்டை இணையச் சேவை வீடுகளுக்குப் பரவத் தொடங்கியதும், தெருவுக்குத் தெரு கணிப்பொறி விளையாட்டுக் கூடங்கள் பெருகியதும் அதே காலத்தில்தான். காலம் கனிந்திருந்தது.

அந்தத் தளத்தில் மாநகராட்சியின் எல்லாச் சேவைகளும் இடம்பெறவில்லை. வீட்டுவசதி, கட்டுமானம், சுகாதாரம், சுற்றுச்சூழல், நகரமைப்பு போன்ற துறைகளில் கையூட்டுக்கு மிகுதியாக இடம் தருபவை எவை என்று ஆராய்ந்து, 54 வகை விண்ணப்பங்களைத் தேர்ந்தெடுத்தனர். ஒரு விண்ணப்பம் வந்தவுடன் அலுவலர் அதைத் தளத்தில் பதிய வேண்டும். அது எந்த நாள் பெறப்பட்டது, இப்போது யாரிடம் உள்ளது, அவருடைய பெயர், துறை, தொலைபேசி எண், அடுத்து யாரிடம் செல்லும், எந்த நாளுக்குள் முடிவு வரும் என்பன அனைத்தும் அதில் இருக்கும். விண்ணப்பம் திருப்பப்பட்டால் அதற்கான காரணம் எழுதப்பட வேண்டும். கோப்பு அடுத்த மேசைக்குச் செல்லும்போதெல்லாம் பதிவும் புதுப்பிக்கப்பட வேண்டும். நகரத்தார் எந்த நேரத்திலும் வீட்டிலிருந்தபடியே இதைப் பார்க்கலாம்.

நண்பர்களே, சின்முன்கோ முரசையும் இதையும் அருகருகே வைத்துப் பாருங்கள். முரசு பாதையின் முடிவில் தொங்கியது; எல்லா வாயில்களிலும் தோற்றவர்தாம் அதை அடைய முடியும். இத்தளமோ பாதை முழுவதற்கும் விளக்கேற்றியது. முரசை அறையத் துணிவு வேண்டும். அறைந்தவர் எல்லார் கண்ணிலும் படுவார். இங்கே குடிமகன் எதையும் அறைய வேண்டியதில்லை. வெளிச்சத்தில் நிற்க வேண்டியவர் அலுவலரே.

கோப்பு எங்கே தேங்கியிருக்கிறது என்று விண்ணப்பதாரருக்குத் தெரியாதபோதுதான், ‘நான் நகர்த்தித் தருகிறேன்’ என்று சொல்லி ஒருவர் பணம் கேட்க முடிகிறது. அது புதன்கிழமை காலை எந்த மேசைக்கு வந்தது, வெள்ளிக்குள் முடிய வேண்டும் என்பதை இருவருமே அறிவார்களாயின் விற்பதற்கு அங்கே எதுவும் இல்லை. ஓப்பன் தளத்தின் இயல்பு இந்த ஒரு செய்தியில் அடங்கியிருக்கிறது.

தளம் மட்டும் போதுமா?

போதாது என்பதையும் சியோலின் வரலாறே சொல்கிறது. தளத்தில் பொய்யான பதிவுகளை இடலாம், தாமதமாகப் பதியலாம், பதிவில் எல்லாம் ஒழுங்காக இருக்க, மேசைக்கு அடியில் பழைய வழக்கம் தொடரலாம். அதனால் வேறு இரண்டு ஏற்பாடுகள் உடன் வந்தன.

முதலாவது ஓர் அஞ்சலட்டை. மாநகராட்சியோடு தொடர்பு கொண்டவர்களுக்கு, குறிப்பாகக் கட்டுமானம், சுகாதாரம் போன்ற துறைகளை அணுகியவர்களுக்கு, மேயரின் முகவரியிட்ட அட்டை அனுப்பப்பட்டது. அவர்கள் தபால்தலை ஒட்ட வேண்டியதில்லை. கையூட்டுக் கேட்கப்பட்டதா என்பதை எழுதி அஞ்சற்பெட்டியில் இட்டால் போதும். இரண்டாவது, 1999 முதல் எடுக்கப்பட்ட ஆண்டுக் கருத்தாய்வு. மாநகராட்சியில் காரியம் முடித்தவர்களைச் சார்பற்ற ஆய்வு நிறுவனத்தார் சந்தித்து வினவினர்; எந்தத் துறை, எந்த வட்டம் எவ்வளவு தூய்மையாக உள்ளது என்ற அளவீடு வெளியிடப்பட்டது. தம் வட்டம் பட்டியலின் கடைசியில் நிற்பதை எந்த வட்டத் தலைவரும் விரும்பமாட்டார்.

இணையத்தளம் என்ற புதுமையினும் இந்த இரண்டும் பழமையானவை. ஆனால் தளத்தில் உள்ளது மெய்தானா என்று சோதிக்கும் உரைகல்லாக இவை இருந்தன. தன்னைத்தானே புகழ்ந்துகொள்ளும் தளத்துக்கும் தன்னைச் சோதிக்க விடும் தளத்துக்கும் உள்ள வேற்றுமை இங்கேதான் தெரிகிறது. சியோலின் முயற்சி உலகெங்கும் பேசப்பட்டது. ஊழலொழிப்பு மாநாடுகளிலும் ஐக்கிய நாடுகள் அவையிலும் முன்மாதிரியாக எடுத்துக்காட்டப்பட்டது.

நேர்மையாளருக்கு ஒரு சாட்சி

இத்தகைய தளங்களை அலுவலருக்கு எதிரான கண்காணிப்பாகவே பலரும் கருதுகின்றனர். அலுவலர்களுள் பலர் இவற்றை வெறுப்பதற்கும் அதுவே காரணம். ஆனால் இதற்கு மறுபக்கம் ஒன்றுண்டு. அதைக் காண்பதற்கு நாம் சியோலின் எல்லையைக் கடந்து, அதற்குத் தெற்கே அப்போது கிராமப்புறமாக இருந்த ஹ்வாசொங் வரை செல்ல வேண்டும். ஓப்பன் தளம் அங்கே இல்லை.

சியோலில் தளம் திறக்கப்பட்ட இரண்டரை மாதங்களில், 1999 சூன் 30ஆம் நாள் பின்னிரவில், ஹ்வாசொங்கின் கடற்கரையில் இருந்த ஸீலேண்ட் என்ற சிறுவர் பயிற்சி விடுதி தீப்பற்றியது. சரக்குப் பெட்டகங்களை அடுக்கிக் கட்டிய விடுதி அது. 23 பேர் மாண்டனர். அவர்களுள் 19 பேர் மழலையர் பள்ளிக் குழந்தைகள். அவ்விடுதிக்கு உரிமம் தர மறுத்த ஒரு பெண் அலுவலர் முன்னரே இருந்தார் என்பது விசாரணையில் வெளிவந்தது. மேலதிகாரிகள் அவரை நெருக்கினர், அடியாட்கள் மிரட்டினர். அவர் இசையவில்லை. அவர் வேறு பணிக்கு மாற்றப்பட்டபின் உரிமம் வழங்கப்பட்டது. தமக்கு நேர்ந்தவற்றையெல்லாம் அவர் தம் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தார். அக்குறிப்புகளே பின்னர் சான்றாயின.

அந்தக் குறிப்பேட்டை நான் பலமுறை நினைத்துக்கொள்கிறேன். விண்ணப்பம் வந்த நாள், தம் மறுப்பு, அதற்கான காரணம் ஆகியவற்றை அப்பெண்மணி தனக்காக, தன் மேசையறைக்குள் எழுதிக்கொண்டார். அவை ஊரார் அனைவரும் காணும் இடத்தில் பதிவாகியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை யாரும் உறுதியாகச் சொல்ல இயலாது. எனினும், ‘பாதுகாப்பற்ற கட்டடம் என்பதால் மறுக்கப்பட்டது’ என்ற வரி பொதுவெளியில் நின்றுகொண்டிருக்கையில் அதன்மேல் மற்றொருவர் ஒப்புதல் எழுதுவது அத்தனை எளிதாக இருந்திராது. நேர்மையான அலுவலருக்கு இத்தகைய பதிவு கேடயமும் ஆகும். குழந்தையைப் பள்ளிச் சுற்றுலாவுக்கு அனுப்பும் பெற்றோருக்கு அது எச்சரிக்கையும் ஆகும்.

தாசானின் பெயரில் ஒரு தொலைபேசி

ஓப்பன் தளத்துக்குக் குறைகள் இல்லாமலில்லை. ஒருவரின் விண்ணப்பத்தை ஊரார் எல்லாரும் பார்ப்பது எந்த அளவுக்குத் தகும் என்ற கேள்வி உடனே எழும். கோப்பு நகர்ந்த பாதையை அனைவருக்கும் காட்டலாம். விண்ணப்பித்தவரின் சொந்தச் செய்திகளைக் காட்டத் தேவையில்லை. இந்த எல்லைக்கோட்டை எங்கே இடுவது என்பது எல்லா நகரங்களுக்கும் பொதுவான சிக்கல். அடுத்த குறை இன்னும் அடிப்படையானது. கணிப்பொறி அறியாத முதியவர் என்ன செய்வார்? தம் குறை எந்தத் துறையைச் சேர்ந்தது என்றே அறியாதவர் எந்தப் பக்கத்தைத் திறப்பார்? தெருவிளக்கு எரியவில்லை என்பது அவருக்குத் தெரியும். அது யார் பொறுப்பு என்பது மாநகராட்சியின் உள்விவகாரம்.

2007இல் சியோல் மாநகராட்சி 120 என்ற ஒரே எண்ணில் ஒரு தொலைபேசி நிலையத்தைத் தொடங்கியது. எந்தக் குறையானாலும் அந்த எண்ணை அழைத்தால் போதும். உரியவரிடம் சேர்ப்பது அங்குள்ளோரின் வேலை. காலப்போக்கில் வெளிநாட்டு மொழிகளிலும், காணொளி வழியே சைகைமொழியிலும் பேச வழி செய்யப்பட்டது. அந்நிலையத்துக்கு இட்ட பெயர் ‘தாசான்’. இலக்கிய ஆர்வலர்களாகிய நாம் இந்தப் பெயரை அறிந்துகொள்வது நல்லது.

தாசான் என்பது ஜொங் யாக்யொங் (1762–1836) என்ற பேரறிஞரின் புனைபெயர். சொங்ஜோ மன்னரின் அன்புக்குரியவர், கவிஞர், சுவோனில் ஹ்வாசொங் கோட்டை கட்டப்பட்டபோது பாரந்தூக்கும் பொறியை வடிவமைத்தவர். மன்னர் மறைந்த மறு ஆண்டே, 1801இல், கத்தோலிக்கரை ஒடுக்கிய அலையில் அவருடைய அண்ணன் ஒருவர் கொல்லப்பட்டார். இவர் நாடு கடத்தப்பட்டார். பதினெட்டு ஆண்டு வனவாசத்தின் முடிவில், 1818இல், ‘மோக்மின் சிம்சொ’ என்ற நூலை எழுதி முடித்தார். ஊரை ஆளும் நடுவர் ஒருவர் பணியேற்கும் நாள் முதல் விடைபெறும் நாள் வரை எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதை 12 பகுதிகளில், பகுதிக்கு ஆறாக 72 தலைப்புகளில் விளக்கும் நூல் அது. மக்களுக்கும் நடுவருக்கும் இடையில் நின்று இருபுறமும் சுரண்டும் எழுத்தர்களைப் பற்றி அதில் அவர் மிக விரிவாக எழுதியுள்ளார்.

அவரே முன்பு ஓர் ஊரின் நடுவராக இருந்தவர். 1797இல் கோக்சான் என்ற ஊருக்கு அவர் அனுப்பப்பட்டபோது, அளவுக்கு மீறிய வரியை எதிர்த்து ஆயிரம் பேரைத் திரட்டி அலுவலகத்தை முற்றுகையிட்ட யீ கேசிம் என்ற உழவர் தலைமறைவாக இருந்தார். தாசான் ஊருக்குள் நுழையும்போது அந்த உழவரே சாலையில் எதிர்ப்பட்டார். அவர் கையில் பத்துக்கும் மேற்பட்ட குறைகளை வரிசைப்படுத்தி எழுதிய தாள் இருந்தது. உடனிருந்தோர் அவரைக் கட்டிப்போடச் சொன்னார்கள். தாசானோ தாளை வாங்கிப் படித்தார். உழவரை விடுதலை செய்தார். தமக்கு வரும் இடரைப் பொருட்படுத்தாமல் குறையை எடுத்துரைக்கும் ஒருவர் ஆட்சிக்குப் பெருவிலை பெறுபவர் என்பது அவர் கருத்து.

அன்று அந்த உழவர் உயிரைப் பணயம் வைத்து நீட்டிய தாளையே இன்று சியோல்வாசி ஒருவர் மூன்று எண்களைத் தட்டிச் சொல்கிறார். பழைய முரசின் பெயரும் மறையவில்லை. நாடு முழுவதற்குமான கொரிய அரசின் குறைதீர்ப்பு இணையத்தளத்துக்குக் கொரிய மொழியில் ‘மக்களின் சின்முன்கோ’ என்றே பெயர். 2013 முதல் சியோல் மாநகராட்சி, தன் அலுவலர்கள் ஒப்பமிட்ட ஆவணங்களையே இணையத்தில் வெளியிடவும் தொடங்கியது.

நாம் கேட்க வேண்டியவை

நம்மிடமும் முன்னோர் வைத்துப்போன அளவுகோல்கள் உண்டு. முதற் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறைக்காகப் பெயர்பெற்றவை. வாரியத்தில் பணியாற்றிவிட்டுக் கணக்குக் காட்டாதவரின் பெயரையும், அவருடைய உறவினர் பெயரையும் குடத்தில் இடக்கூடாது என்று அவை விதிக்கின்றன. அவ்விதி ஓலைச்சுவடியில் ஒளித்து வைக்கப்படவில்லை. ஊரார் வந்துபோகும் இடத்தில் கற்சுவரில் வெட்டப்பட்டது. அன்று எத்தனை பேருக்கு அதைப் படிக்கத் தெரிந்திருக்கும், சபையில் யாருக்கு இடமிருந்தது என்ற கேள்விகள் நியாயமானவை. ஆயினும் பொறுப்பில் உள்ளவர் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர் என்பதைப் பொதுச்சுவரில் எழுதும் வழக்கம் நமக்குப் புதிதன்று.

ஒரு நகரத்தின் இணையத்தளத்தை மதிப்பிட அதன் அழகையோ, அதில் உள்ள சேவைகளின் எண்ணிக்கையையோ நான் இப்போது பார்ப்பதில்லை. என் விண்ணப்பம் இன்று யாரிடம் இருக்கிறது என்று சொல்கிறதா? எந்த நாளுக்குள் முடிவு வரும் என்று வாக்களிக்கிறதா? மறுத்தால் காரணத்தை எழுதுகிறதா? துறையின் பெயர் தெரியாதவரும் நுழைய வழி இருக்கிறதா? அதில் எழுதியிருப்பது மெய்தானா என்று வெளியார் சோதிக்க இயலுமா? இந்த ஐந்துக்கும் ‘ஆம்’ என்றால் அது மக்களுக்கான தளம். இல்லையென்றால் அது நகராட்சியின் விளம்பரப் பலகை. கண்ணாடித் திரையில் ஒளிர்வதால் மட்டும் அதன் இயல்பு மாறிவிடாது.

இவை தொழில்நுட்பம் மிகுந்த கோரிக்கைகள் அல்ல. சியோல் இவற்றுள் பெரும்பாலானவற்றைச் செய்தது 1999இல். இன்று நம் சட்டைப்பையில் உள்ள கைப்பேசியின் ஆற்றல் அன்றைய மேசைக்கணினிக்கு இல்லை. அங்கே தேவைப்பட்டது, கோப்பின் பாதையை வெளியே காட்டச் சம்மதிக்கும் மனம். அந்த மனம் 32 பேரையும் 502 பேரையும் இழந்த பிறகுதான் வந்தது என்பதை நாம் மறக்கலாகாது. மற்ற நகரங்கள் அந்த விலையைக் கொடுக்காமலே அப்பாடத்தைப் பெற்றுக்கொள்ளலாம்.

என் பெயர் மாற்றம் ஒருவழியாக முடிந்துவிட்டது. சென்ற வாரம் அதே தளத்தை மீண்டும் திறந்து பார்த்தேன். என் விண்ணப்ப எண்ணுக்கு எதிரே இன்னமும் ‘பரிசீலனையில் உள்ளது’ என்றே இருக்கிறது. அன்பர்கள் தத்தம் ஊர்த் தளத்தைத் திறந்து, மேற்சொன்ன ஐந்து கேள்விகளையும் ஒருமுறை கேட்டுப் பார்க்குமாறு வேண்டுகிறேன். விடை கிடைக்காத கேள்வியை ஒரு தாளில் எழுதி உரிய அலுவலகத்தில் கொடுத்து, அதற்கு ஒப்புகைச் சீட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.